எறும்புகள் பேச்சை விட்ட கதை

எறும்புகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மூக்காயி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையன் ஆடு மேய்ப்பவன். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. உத்தரத்தில் தூளி கட்டிப் பிள்ளையை அதில் போட்டுவிட்டு மூக்காயி வீட்டு வேலையைப் பார்ப்பாள்.

அந்த வீட்டின் அடுப்படிச் சுவருக்குள் கறுப்பு எறும்புகள் குடியிருந்தன. கடிக்கவே தெரியாத சாது எறும்புகள். கீழே சிந்தும் நொய்யைத் தின்றுவிட்டு நாள் முழுக்க வளவளவென்று பேசிக்கொண்டிருக்கும். பிள்ளை சிணுங்கினால், மூக்காயி கொல்லையில் இருந்தாலும் அவளுக்குத் தகவல் வந்துவிடும். ராணி எறும்பும் அவளும் மதினி முறை. யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. ராணி சுவரை விட்டு வெளியே வந்ததில்லை, மூக்காயி அவள் முகத்தைப் பார்த்ததும் இல்லை. சடையன் மலைக்குப் போய்விட்டால் அந்தக் குரல்தான் அவளுக்குத் துணை.

எறும்புக்குக் கண் பார்வை மட்டு. புற்றுக்குள்ளோ கும்மிருட்டு. அதனால் ஒன்றையொன்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். எதிரே வரும் எறும்பு "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டால் அது வீட்டு எறும்பு. பசிக்கிறது என்று சொல்லிவிட்டால், தன் வயிற்றில் இருப்பதை எடுத்து வாயோடு வாய் வைத்து ஊட்டிவிடும். எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று விசாரித்துவிட்டுச் சோறு போடுவது கேவலம் என்று அவை நினைத்தன. அந்த ஊர் மனிதர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

சடையன் உப்பு வாங்கச் சந்தைக்குப் போனால் உப்பைத் தவிர மற்றதெல்லாம் வாங்கி வருகிற ஆள். அப்படி ஒருமுறை துறைமுகச் சந்தையிலிருந்து, கப்பலில் வந்த ஒரு பழக்கன்றை வேரில் ஈர மண்ணோடு தூக்கிக்கொண்டு வந்தான். அந்த மண்ணுக்குள் கொஞ்சம் மஞ்சள் எறும்புகள் இருந்தன. நீளமான கால், ஒட்டிய இடுப்பு. வரிசையில் போகத் தெரியாமல், கள் குடித்தவன் மாதிரி அங்குமிங்கும் ஓடின. கறுப்பு எறும்புகள் அவற்றின் காலைப் பார்க்கவில்லை. "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டன. மஞ்சள் எறும்புகள் வயிறார உண்டன. கையோடு அந்த வார்த்தையையும் கற்றுக்கொண்டன.

ஒரு மழைக்காலம் போனது. கன்றின் இலைக்கடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியது. மஞ்சள் எறும்புகள் பசு மாட்டைப் பழக்குவதுபோல அவற்றைப் பழக்கி, சுரக்கிற இனிப்பைக் குடித்துப் பெருகின. கல்லைப் புரட்டினால் அதன் கீழே இருந்தன, விறகை எடுத்தால் அதற்குள் இருந்தன. அவை கடிக்கவில்லை. வயிற்றை வளைத்து ஒரு புளித்த நீரைப் பீய்ச்சின. அது பட்டுக் கோழிக்குஞ்சுகள் செத்தன. பிறகு ஆட்டுக்குட்டி ஒன்றுக்கு இரண்டு கண்ணும் வெந்துபோனது. தாயாடு கத்திய பக்கம் போகத் தெரியாமல் அது சுவரில் முட்டி நின்றதைப் பார்த்து மூக்காயி அழுதுவிட்டாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. உலை நீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய்க் கன்றின் வேரில் ஊற்றினாள். மேலே இருந்தவை செத்தன. ஆனால் அந்த எறும்புகளுக்கு ராணி ஒருத்தி அல்ல, பல பேர். தப்பித்த ராணிகள் ஆளுக்கொரு பக்கம் போய்க் குடியேறினார்கள். ஓரிடத்தில் இருந்த புற்று வீட்டைச் சுற்றி எல்லா இடத்திலும் முளைத்தது. தூளிக் கயிற்றில் விளக்கெண்ணெய் தடவினாள், தரையில் சாம்பலைக் கொட்டினாள். செத்த எறும்புகளின் முதுகில் மிதித்து மற்றவை வந்தன. ஒருநாள் காலையில் பிள்ளையின் ஒரு கண் இமை வீங்கிச் சிவந்திருந்தது. கயிற்றில் மஞ்சள் எறும்பு இறங்கிக்கொண்டிருந்தது.

ஊரை விட்டே போய்விடலாம் என்றான் சடையன். எங்கே போனாலும் நம் மூட்டைக்குள் அதுவும் வரும் என்றாள் மூக்காயி. அன்று முழுக்கப் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவில்லை.

ஆட்டின் வாய்ப்புண்ணுக்குத் தேனில் குழைத்துத் தடவுகிற வெங்காரம் அந்த வீட்டில் எப்போதும் இருக்கும். தொழுவத்தில் அந்தத் தேன் குழம்பு கொஞ்சம் சிந்திக் கிடந்தது. மஞ்சள் எறும்புகள் அதை மொய்த்துத் தின்றுவிட்டுத் தெம்பாகத்தான் திரும்பிப் போயின. சில நாள் கழித்துப் பார்த்தால் பக்கத்துக் கல்லுக்கடியில் இருந்த புற்று, ராணியோடு சேர்ந்து, செத்துக் கிடந்தது. மெல்லக் கொல்லும் இனிப்பு. உடனே கொன்றிருந்தால் வழியிலேயே விழுந்திருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பங்கு வைத்திருக்காது. மூக்காயிக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனால் செத்தவற்றுக்கு நடுவே சில கறுப்பு எறும்புகளும் இருந்தன.

அவள் சுவரருகே உட்கார்ந்து ராணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் வரிசைக்குள் மஞ்சள் எறும்புகள் கலந்திருக்கின்றன, நிறத்தைப் பார்த்தாலே தெரிகிறதே என்றாள்.

"நெறமா? அது என்னன்னு எங்களுக்குத் தெரியாது மூக்காயி," என்றாள் ராணி. "அக்கான்னு கூப்பிட்டா அக்கா. அதுக்கு மேல நாங்க கேட்டதில்ல."

"அந்த இனிப்ப உங்க புள்ளைங்க தொடாம இருந்தாப் போதும் மதினி."

"தொடமாட்டாங்க. ஆனா அத தின்னவ வந்து ஊட்டுனா வாய மூடிக்க மாட்டாங்களே. எங்க குரலு அவளுகளுக்கும் வந்துருச்சு. எதுல பிரிச்சுப் பாக்குறது?"

வெங்காரத்தை வைத்தால் மதினி குடும்பம் போகும். வைக்காவிட்டால் பிள்ளையின் கண் போகும். இடுப்பில் இருந்த பிள்ளை மூக்காயியின் கன்னத்தைத் தடவியது.

பிறகு ராணி மெதுவாகச் சொன்னாள். "குரல வச்சுத்தான அவளுக உள்ள வர்றாளுக. அந்தக் குரலே வேணாம். இனிமே நீ கூப்பிட்டா நான் பேச மாட்டேன் மூக்காயி. கோவம்னு நெனச்சுக்காத."

அதன் பிறகு நடந்ததை மூக்காயி வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. பட்டப்பகலில் சுவர் விரிசலிலிருந்து கறுப்பு எறும்புகள் வந்துகொண்டே இருந்தன. அடுப்படித் தரை கறுத்துப்போனது. நடுவே கலந்து வந்த மஞ்சள் எறும்புகளை மூக்காயி நிறம் பார்த்துத் துடைப்பத்தால் தள்ளிவிட்டாள். கடைசியாக ராணி வந்தாள். இத்தனை காலம் குரலாக மட்டும் இருந்த மதினி, வெளிச்சத்தைக் கண்டறியாத உடம்பைத் தள்ளிக்கொண்டு நடுத்தரைக்கு வந்து நின்றாள். ஒவ்வொரு எறும்பாக அவள் வாயில் வாய் வைத்துத் தன் குரலைக் கொடுத்தது. கொடுக்கக் கொடுக்க வீட்டில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பிறந்ததிலிருந்து காதில் இருந்த ஓர் இரைச்சல் அடங்குவதை மூக்காயி அப்போதுதான் உணர்ந்தாள். தன்னையறியாமல் கை கூப்பினாள்.

அத்தனை பேச்சும் ராணியின் வயிற்றில் கலந்து ஒரே வாசனையாக மாறியது. அதை அவள் ஆளுக்கொரு சொட்டாகத் திரும்ப ஊட்டினாள். மனித மூக்குக்கு எட்டாத வாசனை அது. வார்த்தையைக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம், இதைக் கற்க முடியாது. கடைசிச் சொட்டையும் கொடுத்து முடித்ததும் ராணி மூக்காயி பக்கம் திரும்பித் தலையை ஒருமுறை அசைத்தாள். பிறகு சுவருக்குள் போய்விட்டாள்.

மூக்காயி கருப்பட்டிப் பாகில் கொஞ்சமே கொஞ்சம் வெங்காரத்தைக் கரைத்துச் சிரட்டைகளில் ஊற்றி வீட்டைச் சுற்றி வைத்தாள். மஞ்சள் எறும்புகள் மொய்த்தன. வயிறு நிறைந்ததும் வழக்கம்போல அடுப்படிச் சுவருக்கு வந்து "சாப்பிட்டியாக்கா?" என்றன. வாசலில் நின்ற கறுப்பு எறும்பு பதில் பேசவில்லை. மீசையால் முகத்தைத் தடவிப் பார்த்தது, அந்த வாசனை இல்லை, வழி விடவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய் அவை தங்கள் புற்றுகளுக்கே திரும்பி, தங்கள் ராணிகளுக்கே அந்தப் பாகை ஊட்டின. கொஞ்ச நாளில் கல்லுக்கடியிலும் விறகுக்குள்ளும் அசைவே இல்லை. பிழைத்த சில காட்டுக்குள் ஓடிப்போயின. பிள்ளையின் இமை வடிந்தது. உள்ளே இருந்த கண் கருகருவென்று தாயைப் பார்த்துச் சிரித்தது.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல மூக்காயி சுவரிடம் ஓடினாள். "மதினி, பிள்ள கண்ணு நல்லாயிருச்சு" என்றாள். பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் காத்திருந்தாள். விரிசலிலிருந்து ஒரு கறுப்பு எறும்பு வந்து அவள் விரலில் ஏறி, நகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. மூக்காயி அங்கேயே உட்கார்ந்து விம்மினாள்.

அன்று முதல்தான் எறும்புகள் எதிரெதிரே வரும்போது, கூடப் பிறந்தவளே ஆனாலும், நின்று முகத்தோடு முகம் வைத்துப் பார்த்துவிட்டுப் போகின்றன. நம் கையில் ஏறுகிற கறுப்பு எறும்பும் அப்படித்தான் ஒரு கணம் நின்று தடவிப் பார்க்கிறது. அது தன் மதினியைத் தேடுகிறது.