ஜவ்வாதுக் காற்று

கொம்பாடி ஜமீன்தார் மேலெல்லாம் ஜவ்வாது பூசாமல் வாசல் தாண்ட மாட்டார். மான் வேட்டைக்கும் அப்படியேதான். எதிர்க்காற்றில் நடந்தால் மீசை கலையுமாம்; அதனால் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டுதான் நடப்பார். எந்த மான் நிற்கும்? “காத்தைப் பாத்து நடங்க சாமி” என்று சொல்லிச் சொல்லி, தடம் காட்டும் ஒச்சுவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்றும் வெறுங்கை. ஜமீன்தார் சீறினார். “எவனோ மானுக்குத் துப்புச் சொல்றான். அது நீதான்னு காரியஸ்தர் சொல்றார். இல்லேன்னா பொழுது சாயறதுக்குள்ள ஆளைக் காட்டு. காட்டலே, தோலை உரிச்சிடுவேன்.”

ஒச்சு பெருமூச்சு விட்டான். “காட்டுறேன் சாமி. இன்னிக்கு மட்டும் எதிர்க்காத்துல நடந்து, கொல்லை வழியா அரண்மனைக்கு வாங்க.”

மீசை கலையக் கலைய, முணுமுணுத்துக்கொண்டே வந்தார். உள்ளே வேலைக்காரர்கள் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். காரியஸ்தர் ஜமீன்தாரின் ஊஞ்சலில் கால் நீட்டி, அவருடைய வெற்றிலையையே மென்றுகொண்டிருந்தார். எஜமானைக் கண்டதும் அலறிப்புடைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயா, நீங்க வந்தா முன்னாடியே காத்துல ஜவ்வாது வருமே. இன்னிக்கு வரலையே...”

ஒச்சு தலையைச் சொறிந்தான். “காரியஸ்தருக்குத் துப்புச் சொல்ற அதே காத்துதான் சாமி, மானுக்கும் சொல்லுது.”