கழித்துக் கேட்ட சிரிப்பு

"அம்மா, இந்தச் சிரிப்பு சுருங்க மறுக்கிறது," என்றார் தில்லைநாயகம்.

தந்தி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் மாணவரானவர் அவர். ஒலிக்கோப்புகளின் அளவைக் குறைக்கும் ஒலிச்சுருக்கம் கற்பிக்கும் நப்பின்னை அவரைவிட இருபத்தேழு வயது இளையவர்.

சிரித்தது பிலோமினாவின் ஐந்து மாதக் குழந்தை. அவள் கைப்பேசியில் பதிந்த முதற்சிரிப்பு. அதைக் கடலிலிருக்கும் தந்தைக்கு அனுப்ப வேண்டும். கப்பலின் இணைய இணைப்பு அந்தக் கோப்பில் பாதியளவையே ஏற்கும். நண்பகலுக்குப் பின் அதுவும் கிட்டாது.

"ஒரு பொட்டுகூடக் குறையக் கூடாது, அண்ணாச்சி. பிள்ளை சிரிச்சபடியே அவுக கேக்கணும்," என்று சொல்லிவிட்டு, குழந்தையோடு வாயிலில் அமர்ந்தாள் பிலோமினா.

ஒலி என்பது எண்களின் வரிசை. முன்வந்த எண்களைக் கொண்டு அடுத்ததைக் கணிப்பதும், கணிப்புக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள மிச்சத்தை மட்டும் எழுதுவதும் நப்பின்னை கற்பித்த முறை. மறுமுனையில் அதே கணிப்போடு மிச்சத்தைக் கூட்டினால், ஒலி முழுமையாக மீளும்.

பதினொரு மணிக்குத் தில்லைநாயகம் துள்ளி வந்தார்.

"பாதிக்கும் கீழே வந்துவிட்டது!"

"எப்படி?"

"ஒன்று, இரண்டு என வந்த சிறு மிச்சங்களைச் சுழியமாக்கினேன். எந்தக் காதுக்கும் தெரியாது."

"கணிப்பு பொய்த்ததை மறைத்துவிட்டீர்கள்."

"சற்றே பொய்த்ததை, அம்மா. சற்றே."

நப்பின்னை மூல ஒலியிலிருந்து அவருடைய ஒலியைக் கழித்தார். எஞ்சியதை நூறு மடங்கு உரக்க ஒலிக்கச் செய்தார்.

இரைச்சல். அதனுள்ளே ஒரு பெண்ணின் கிசுகிசுப்பு:

"சிரிடீ கண்ணு, அப்பா கேக்காக."

"ஐயோ, அது நான்லா!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள் பிலோமினா.

தில்லைநாயகம் மிச்சங்கள் அனைத்தையும் மீட்டார். கோப்பு மறுபடி பருத்தது.

"இனி எங்கே குறைப்பேன்? இடக்காதுக்குரிய இடத்தடத்தையும் கணித்தாயிற்று, வலக்காதுக்குரிய வலத்தடத்தையும் கணித்தாயிற்று."

நப்பின்னை பிலோமினாவின் கைப்பேசியை வாங்கினார். அதன் அடியிலிருந்த ஒரே ஒலிவாங்கித் துளையைத் தொட்டார். பிறகு, தம் இரு காதுகளையும் தொட்டார்.

தில்லைநாயகத்தின் வாய் மெல்லத் திறந்தது.

"இரண்டு தடத்திலும் ஒரே எண்கள்! வலத்தடத்தைத் தனியே ஏன் கணித்தேன்? இடத்தடமே அதைச் சொல்கிறதே!"

"தந்தி அலுவலகத்தில் ஒரே செய்தியை இருமுறை அனுப்பியதுண்டா, ஐயா?"

"வேலை போயிருக்கும்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார் அவர்.

வலத்தடத்தின் மிச்சம் முழுவதும் சுழியமாயிற்று. கோப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. மணி பதினொன்றே முக்கால்.

"அனுப்பிவிடட்டுமா?"

நப்பின்னை மூல ஒலியின் கோப்பைச் சுட்டிக்காட்டினார்.

தில்லைநாயகம் தாம் சுருக்கியதை விரித்தார். மூலத்திலிருந்து கழித்தார். எஞ்சியதை நூறு மடங்கு, பின்னர் ஆயிரம் மடங்கு உரக்க வைத்து, ஒலிபெருக்கியில் காதை ஒட்டினார்.

"ஒன்றுமே கேட்கவில்லை, அம்மா! எஞ்சியது ஒன்றுமே இல்லை!" என்று கூடம் அதிரக் கூத்தாடினார்.

பிலோமினா பதறி எழுந்தாள். "ஐயையோ, பிள்ள சிரிப்பு போச்சா?"

"அனுப்புங்கள், ஐயா," என்றார் நப்பின்னை.