தட்டிக்கொடுத்த காட்டுச்சேவல்

ஒரு காட்டில், யாருக்கும் சொந்தமில்லாத, யார் வேண்டுமானாலும் வந்து வேட்டையாடலாம் என்றிருந்த ஒரு பொதுக்காட்டில், சடையன் என்றொரு நரியும் அவன் மனைவி செவலையும் குடியிருந்தார்கள். பாறை இடுக்கில் அவர்கள் வளை. வளைக்குள் பால்பல் முளைத்த இரண்டு குட்டிகள்.

சடையனுடைய பரம்பரை வேட்டைப் பரம்பரை அல்ல, குழந்தைகளே. மிச்சம் தின்னும் பரம்பரை. அவன் பாட்டன் புலிக்குப் பின்னால் போனான். அப்பன் புலிக்குப் பின்னால் போனான். சடையனும் போனான். புலி தின்றுவிட்டுப் போட்டதைத் தின்றுவிட்டு, ஏப்பத்தை மட்டும் புலியைப் போலவே விட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் புலி ஒரு கோடையில் மலையைத் தாண்டிப் போனது. பிறகு திரும்பவே இல்லை.

"இனி சாப்பாட்டுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று செவலை கேட்டாள்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வேட்டையாடப் போகிறேன்," என்றான் சடையன். "மூங்கில் புதரில் காட்டுக்கோழிகள் மேய்கின்றன. கோழிதானே. விடியும்முன் போனால் வெயில் ஏறுவதற்குள் கொண்டுவந்துவிடுவேன். நீ குட்டிகளிடம் சொல்லி வை."

செவலை சொல்லி வைத்தாள். சொல்லியிருக்கக் கூடாது. அன்று முழுவதும் குட்டிகள் வளை வாசலை விட்டு நகரவில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. விடிவதற்கு முன் எந்தப் புதரடியில் யார் முதலில் வந்து படுக்கிறாரோ, அன்று உச்சிவெயில் வரை அந்தப் புதர் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான். சிறுத்தையே வந்தாலும், அங்கே ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் ஒதுங்கிப் போக வேண்டும். இந்த வழக்கம் இல்லாவிட்டால் எல்லாரும் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டே காலத்தைக் கழிப்பார்கள். யாரும் சாப்பிட மாட்டார்கள்.

சடையனுக்கு வேட்டை வராது. ஆனால் சீக்கிரம் எழுந்திருக்க வரும். ஆகவே மூங்கில் புதருக்கு அவன்தான் எப்போதும் முதல் ஆள்.

முகத்தில் சேற்றைப் பூசிக்கொண்டான். தலையில் ஒரு தேக்கிலையைக் கவிழ்த்துக்கொண்டான். சேவலை மயக்குவதற்காகப் பெட்டைக்கோழியின் குரலில் கூப்பிடப் பழகினான். அந்தக் குரலைக் கேட்டு, பக்கத்து மரத்தில் இருந்த ஆந்தை வேறு மரம் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

முதல் நாள் அவன் எடுத்து வைத்த முதல் அடியே காய்ந்த மூங்கில் சருகில் விழுந்தது. கோழிக் கூட்டம் மொத்தமும் சடசடவென்று மேலே போயிற்று.

"கோழி எங்கே?" என்று கேட்டாள் செவலை.

"அது பறக்கிறது," என்றான் சடையன், இதை யாரும் தன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லையே என்பதுபோல.

அடுத்த நாளும் பறந்தது. அதற்கடுத்த நாளும் பறந்தது. ஒரு நாள் மாலை சடையன் வளையில் சுருண்டு படுத்து, "எனக்கு இது சரிப்படாது. ஓடையில் நண்டு பிடிக்கப் போகிறேன்," என்றான்.

செவலைக்கு உயிர் வந்தது. "நல்லது. நண்டு ஓடும், பறக்காது. அதையே செய்யுங்கள்."

"கடைசியாக ஒரே ஒரு தடவை மட்டும் புதருக்குப் போய்விட்டு வருகிறேன்."

மறுநாள் அவன் வெறும் வாயோடுதான் வந்தான். ஆனால் முகம் மட்டும் மாப்பிள்ளை முகம் மாதிரி மலர்ந்திருந்தது.

"செவலை, இன்று யார் என்னிடம் பேசினார் தெரியுமா? கொண்டையார்."

கொண்டையார் என்பது அந்த மூங்கில் புதரின் பெரிய காட்டுச்சேவல். கழுத்தில் தங்கப் பொட்டுகள், தலையில் ரத்தச் சிவப்பில் கொண்டை.

"நீங்கள் பிடிக்கப் போன சேவல் உங்களிடம் பேசிற்றா?"

"பேசிற்று என்று சொல்லாதே. பேசினார். உச்சிக் கிளையில் இருந்துகொண்டு, 'தம்பி, உன்னைப் போல ஒரு வேட்டைக்காரனை நான் பார்த்ததே இல்லை' என்றார்."

"அது உண்மையாகத்தான் இருக்கும்."

"'நேற்று நீ பாய்ந்தபோது என் வால் இறகில் காற்றுப் பட்டது, தம்பி. ஒரு விரல்கடை தூரம்தான். இந்த நேரத்தில் போய் விட்டுவிடுகிறேன் என்கிறாயே. உன் தகுதிக்கு நண்டு பிடிக்கலாமா?' என்று கேட்டார்."

"நண்டு சங்கதி அவருக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் மனம் விட்டுச் சொன்னேன். நம் வீட்டு நிலைமை எல்லாம் சொன்னேன். நீ பயந்தவள், குட்டிகளை விட்டு நகர மாட்டாய் என்பதுகூடச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்."

அன்றோடு நண்டுப் பேச்சு முடிந்தது.

அதன் பிறகு சடையன் ஒவ்வொரு நாளும் ஒரு பொன்மொழியோடு வீட்டுக்கு வந்தான். 'விழுந்தவன் எழுவான், படுத்தவன்தான் எழமாட்டான்.' 'இன்று தப்பிய கோழி நாளைக்குக் கொழுத்திருக்கும்.' குட்டிகளுக்குப் பசித்தது. சடையன் அவற்றைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பொன்மொழி சொன்னான். ஒரு நாள், கொண்டையார் பரிசாகக் கொடுத்தது என்று ஓர் இறகைக் கொண்டுவந்தான். குட்டிகள் அதைத் தின்னப் பார்த்தன. சின்னதுக்குத் தொண்டையில் சிக்கி, இருமி இருமிக் கண் பிதுங்கிவிட்டது.

செவலை வளைக்குப் பக்கத்திலேயே வெட்டுக்கிளியும் வண்டும் பொறுக்கித் தின்றாள். தூரமாகப் போக முடியாது. பாறை மேட்டில் ஒரு கழுதைப்புலி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு தடவை அது வளை வாசலில் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது முதல், இலை அசைந்தாலும் அவள் வளைக்கு ஓடி வந்துவிடுவாள். வண்டு தின்றால் பால் எப்படிச் சுரக்கும்? பெரிய குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழுதது. சின்னக்குட்டி அழவில்லை. முட்டவும் இல்லை. வாலை இழுத்து விளையாடினாலும் திரும்பிப் பார்க்காமல் படுத்தே கிடந்தது.

அப்படி ஒரு நாளில் காட்டுப்பூனை அந்த வழியாக வந்தாள். அந்தக் காட்டில் சத்தம் போடாமல் நடப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

"செவலையக்கா, உங்கள் வீட்டுக்காரருக்குப் படுத்துக்கொள்ள வேறு புதரே கிடைக்கவில்லையா?"

"ஏன்? அவர் என்ன செய்தார்?"

"ஒன்றும் செய்யவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். நான் எவ்வளவு சீக்கிரம் போனாலும் எனக்கு முன்னால் தேக்கிலையைக் கவிழ்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். தானும் பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்க விடவில்லை. அந்தக் கோழிகள் எல்லாம் இப்போது எப்படிக் கொழுத்திருக்கின்றன தெரியுமா? நடக்கவே முடியாமல் நடக்கின்றன. நான் வழக்கத்தை மீறினால் காடே காறித் துப்பும். அவராக ஒரு நாள் அலுத்துப்போய் வராமல் இருப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அலுக்கவே மாட்டேன் என்கிறாரே."

செவலை, "உன்னிடம் எந்தக் கோழியாவது, 'மனம் தளராதே' என்று சொன்னதுண்டா?" என்று கேட்டாள்.

பூனை சிரித்துவிட்டாள். "என்னைக் கண்டால் கோழிகள் பேசுவதில்லை அக்கா. ஓடும்."

பூனை போய்விட்டாள். செவலைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சடையன் வராத அன்று பூனை வருவாள். பூனை வந்தால் கோழிகள் குறையும். கொண்டையாருக்குச் சடையன் வேட்டைக்காரனே அல்ல, காவல்காரன். சம்பளமும் கேட்காத காவல்காரன். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், மறுநாளும் வேலைக்கு வந்துவிடுவான்.

சடையன் வந்ததும் அவள் இதைச் சொன்னாள். அவனுக்கு முகம் தொங்கிவிட்டது.

"இந்தக் காட்டிலேயே என்னை நம்புகிறவர் அவர் ஒருவர்தான். நீ என்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறாயா?"

"கோழி கொண்டுவாருங்கள், சொல்கிறேன்."

"பார்த்தாயா, இதைத்தான் அவர் அன்றைக்கே சொன்னார். 'வீட்டில் இருக்கிறவர்களுக்கு உன் அருமை புரியாது தம்பி, அதையெல்லாம் காதில் வாங்காதே' என்று."

இனி இவனிடம் வாதாடிப் பயனில்லை என்று செவலைக்குத் தெரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சரி, கோபப்படாதீர்கள். பேசும்போது அவர் எங்கே நிற்பார்?"

"முதலில் உச்சிக் கிளையில் நின்றார். இப்போது நெருங்கிப் பழகிவிட்டோமே. ஓடைக்கரை மணலில் இறங்கி, எனக்கு நேர் எதிரே நின்றுதான் பேசுவார்."

"நேர் எதிரேயா? அப்படியானால் ஏன் பாயவில்லை?"

"பேசிக்கொண்டிருக்கிறவர் மேல் எப்படிப் பாய்வது? மரியாதை என்று ஒன்று இல்லையா? பேசி முடித்ததும், 'சரி தம்பி, இனித் தொடங்கலாம்' என்பார். பறந்து போய்க் கிளையில் உட்காருவார். அதற்குப் பிறகுதான் வேட்டை."



"நாளைக்கும் போங்கள்," என்றாள். "மனம் தளராதீர்கள்."

சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அவன் கிளம்பிப் போன பிறகு செவலை ஓர் இலந்தை முள்கிளையை இழுத்து வந்து வளை வாசலை அடைத்தாள். போதாது என்று இன்னொன்றை இழுத்து வந்தாள். வாயெல்லாம் முள் கிழித்தது. கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி ஓடி வந்து, கிளைகளை முட்டிப் பார்த்தாள். உள்ளே பெரிய குட்டி முனகியது. சின்னக்குட்டியின் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமைதான் அவளைப் பிடித்துத் தள்ளியது. ஓடினாள்.

சருகுப் பக்கம் போகாமல் ஓடையைச் சுற்றிக்கொண்டு, ஈரமணலில் வயிறு உரச வந்தாள். சடையனைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுக்குக் கேட்டது கொண்டையாரின் குரல்தான். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினர் பேசுகிற மாதிரி, நிறுத்தி, நெஞ்சை நிமிர்த்தி, தன் குரலைத் தானே ரசித்துக்கொண்டு பேசினார். எதிரே சடையன் முன்கால்களைச் சேர்த்து வைத்து, தேக்கிலையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, பணிவாக உட்கார்ந்திருந்தான்.

"வெற்றி யாரிடம் வரும் தம்பி? துணிந்தவனிடம் வரும். தினமும் தவறாமல் வருகிறவனிடம் வரும். உன் மனைவி இருக்கிறாளே, அவளைப் போலப் பயந்து வளைக்குள் முடங்கிக் கிடப்பவர்களிடம் வருமா? சொல், வருமா?"

சடையன் அப்போதுதான் கொண்டையாரின் வாலுக்குப் பின்னால் செவலையைப் பார்த்தான். குட்டிகளைத் தனியே விட்டுவிட்டா வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்பதற்காக வாயைத் திறந்தான்.

"பேசும்போது குறுக்கே பேசாதே, தம்பி," என்றார் கொண்டையார். கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த பொன்மொழிக்காகக் கழுத்தை நன்றாக நீட்டினார்.

அந்தக் கழுத்தைத்தான் செவலை கவ்வினாள்.

இறகுகள் பறந்து, மணல் அடங்கிய பிறகு சடையன் எழுந்து நின்று உடம்பை உதறிக்கொண்டான். "பார்த்தாயா செவலை? விடாமல் வந்தால் ஒரு நாள் கிடைக்கும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேனே."

செவலையின் வாயில் சேவல் இருந்தது. அவள் ஏற்கனவே பாதி வழி ஓடிவிட்டாள்.

முள்கிளைகள் வைத்தபடியே இருந்தன. அவற்றை இழுத்துப் போட்டுவிட்டுச் சேவலை உள்ளே தள்ளினாள். பெரிய குட்டி பாய்ந்து விழுந்தது. சின்னக்குட்டி தலையைத் தூக்கியது, மோந்து பார்த்தது, தள்ளாடித் தள்ளாடி வந்து ஓர் இறக்கையின் மேல் காலை வைத்துக்கொண்டு, யாரும் கிட்டே வரக் கூடாது என்று உறுமியது. செவலை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

"என்ன இருந்தாலும் நல்லவர்," என்றான் சடையன், ஒரு காலைக் கடித்துக்கொண்டே. "கடைசி மூச்சு வரை என் முன்னேற்றத்தைப் பற்றியே பேசினார்."

செவலை அவன் பங்கிலிருந்து நெஞ்சுக்கறியை எடுத்துக் குட்டிகள் பக்கம் தள்ளினாள்.

"நாளையிலிருந்து நான் போகிறேன்," என்றாள். "நீங்கள் வாசலில் படுத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் ஆள் படுத்திருந்தால் யாரும் கிட்டே வர மாட்டார்கள். அந்த வேலை உங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது."

நீதி: உன் முதுகைத் தட்டிக்கொடுப்பவர், நீ தோற்றால் பிழைப்பவரா என்று முதலில் பார்.