தீட்டு வீட்டு ஓலைகள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ராஜா பேர் கனகசேகரன். தங்கமான மனிதர், ஆனால் ஒரு கிறுக்கு உண்டு. எதுவானாலும் ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வரி வந்தால் அவருக்குத் தலைவலி வந்துவிடும். தளபதி தோற்ற கதையும் ஒரு வரிதான், சமையற்காரன் உப்புப் போட மறந்த கதையும் ஒரு வரிதான்.

அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் நாட்டில் ஒரு நோய் வந்தது. காய்ச்சல் இல்லை, புண் இல்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு வீட்டு மூலையைப் பார்ப்பான். அங்கே யாரோ தெரிந்தவர் நிற்பதுபோல மெல்லச் சிரிப்பான். அதோடு சரி. சோறு ஊட்டினால் விழுங்குவான், கண்ணை மட்டும் எடுக்கமாட்டான், தூங்கவும் மாட்டான். சிலர் மாதக் கணக்கில் கிடந்து தாமாகவே மீண்டார்கள். சிலர் அந்தச் சிரிப்போடு செத்தார்கள். மூலைநோய் என்று ஜனங்கள் பேர் வைத்தார்கள்.

அரண்மனை வைத்தியர் பூதலிங்க பண்டிதர் கருப்பாக ஒரு மருந்து காய்ச்சினார். மூன்று சொட்டுதான். அறுபது ஊர் வைத்தியர்களுக்கு அனுப்பி, பலனை எழுதி அனுப்பச் சொன்னார். அறுபது ஓலை வந்தது. அத்தனையிலும் பிழைத்தார், பிழைத்தார் என்றே இருந்தது.

அந்த நேரம் பார்த்து இளவரசி பூரணவல்லி பூத்தொடுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். மூலையைப் பார்த்தாள். சிரித்தாள்.

ராஜா ஆடிப்போய்விட்டார். ஒரே பெண். மருந்து கொடுக்க வளர்பிறைப் பஞ்சமியைப் பண்டிதர் குறித்தார். அதற்குப் பத்து நாள் இருந்தது. ராஜா அறுபது ஓலையையும் வாசிக்க உட்கார்ந்து, ஏழாவதிலேயே தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இதையெல்லாம் ஒரே ஓலையாக, ஒரே வரியாக ஆக்கித் தருவார் யாருமில்லையா?"

பண்டிதருக்கு விகடகவி காளத்தியை நெடுநாளாக ஆகாது. சபையில் இவர் நாடி பார்த்தால் அவன் தன் நாடியைப் பிடித்துக்கொண்டு முழிப்பான், சபை சிரிக்கும். அந்த எரிச்சல்.

"மகாராஜா, காளத்தியை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஆனால் இளவரசியின் உயிர் விஷயம். பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு?"

"அவன்தான் பொறுப்பு" என்றார் ராஜா. "காளத்தி, பஞ்சமியன்று உச்சிவேளைக்குள் கொண்டு வா. மருந்து குடித்தவர் எவரும் விடுபடக் கூடாது. விட்டால் உன் தலை இல்லை."

"உத்தரவு. விடுபடாமல் பார்த்துக்கொள்ள முத்திரை மோதிரமும் குதிரைக்காரர்களும் வேண்டும்."

ராஜா கொடுத்தார்.

காளத்தி ஓலைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தான். சில ஓலை முழ நீளம், அதில் பிழைத்தவன் ஒரே ஒருவன். சில ஓலையில் ஒரே வரி, அதில் நாற்பது பேர். ஓலையை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா? ஆளைத்தான் எண்ண வேண்டும் என்று ஆரம்பித்தான். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினான். அறுபது ஊரில் ஒரு சாவுகூட இல்லை. தடுமனுக்கே நாலு பேர் சாகிற நாடு இது.

மறுநாளே பக்கத்து ஊரான குருந்தூருக்குப் போனான். அவ்வூர் வைத்தியர் மாசிலாமணி வாசலிலேயே நின்றிருந்தார்.

"எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தீர்?"

"இருபது பேருக்குங்க."

"ஓலையில் எட்டுப் பேர்தானே இருக்கு?"

"பொழைச்சது எட்டுதானேங்க."

"மிச்சம் பன்னிரண்டு?"

வைத்தியர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "செத்த வீட்டைப் பத்தி எழுதலாமுங்களா? தீட்டு இருக்கையில எழுத்தாணியைத் தொட்டா எழுதினவன் வீட்டுக்கும் சாவு வரும். பதினாறு நாள் கழியணும். அதுக்குள்ள அரமனை ஆள் வந்து ஓலையை வாங்கிட்டுப் போயிட்டாரு."

"பதினாறு நாள் கழிந்த பிறகு?"

"அப்புறம் யாரு வந்து கேட்டா?"

அந்த நாட்டில் அது பழைய வழக்கம், காளத்தி வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அந்த வழக்கத்தின் வாய்க்குள் இவ்வளவு பேர் போயிருப்பார்கள் என்று அவன் நினைத்ததில்லை.

அன்றே அறுபது ஊருக்கும் தலைநகரத்துத் தெருக்களுக்கும் குதிரை பறந்தது. நோய் கண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு ஓலை வேண்டும். பிழைத்திருந்தால் பேர் எழுதட்டும். செத்திருந்தால் எழுத்தாணியைத் தொட வேண்டாம், வெறும் ஓலையைக் கொடுத்தால் போதும். மருந்தே குடிக்காதவர் ஓலையில் மட்டும் சிவப்பு நூல் கட்டவேண்டும். குடித்தவர் ஓலையில், நோய் கண்டு எத்தனையாம் நாள் குடித்தாரோ அத்தனை துளை முள்ளால் போடவேண்டும். இதுதான் உத்தரவு.

பஞ்சமியன்று உச்சிவேளை. இளவரசியைச் சபையில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். அவள் தூண் ஓரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பண்டிதர் கையில் மருந்துக் கிண்ணம்.

இரண்டு வண்டி ஓலை வந்து இறங்கியது.

"நான் கேட்டது ஒரு ஓலை" என்றார் ராஜா. "ஒரு வரி."

"அந்த ஒரு வரி என் மடியில் இருக்கிறது, மகாராஜா. குடித்தவர் எவரும் விடுபடக் கூடாது என்றீர்கள். விடுபட்டவர்கள் இவ்வளவு பேர். முதலில் அவர்களைப் பாருங்கள்."

சேவகர்கள் நூல் கட்டாத ஓலைகளை மட்டும் பிரித்துக் குவித்தார்கள். எழுதிய குவியல் இடுப்பளவு வந்தது. எழுதாத குவியல் ஆள் உயரம் வந்தது. காற்றே இல்லாத சபையில் அந்த வெறும் ஓலைகள் சரசரத்தன. இளவரசி தூணிலிருந்து கண்ணை எடுத்தாள். இத்தனை நாளில் அதுவே முதல் தடவை. மெதுவாகத் திரும்பிக் குவியலைப் பார்த்து, உதட்டை அசைத்து, ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.

ராஜா காளத்தியின் மடியிலிருந்த ஓலையை வாங்கினார். அதில் இப்படி இருந்தது: 'குடித்தவரில் பத்துக்கு நாலு பிழைத்தது, குடிக்காதவரில் பத்துக்கு எட்டு.'

"வீண் பேச்சு" என்றார் பண்டிதர். "நோய் முற்றியவர்களே மருந்து குடித்திருப்பார்கள். அதனால் இறந்திருப்பார்கள்."

"நானும் அப்படி நினைத்தேன் பண்டிதரே. நோய் கண்ட மூன்றாம் நாளே குடித்தவர்களைத் தனியாக எடுத்து எண்ணினேன். அங்கும் பத்துக்கு நாலுதான்." காளத்தி தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு வெறும் ஓலையை நீட்டினான். வழக்கமான குறும்பு அவன் முகத்தில் இல்லை. "உங்கள் தெருவுக்கும் குதிரை போனது. இதை உங்கள் தம்பி மனைவி கொடுத்தாள்."

பண்டிதர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான்தான் கொடுத்தேன்" என்றார். "முதல் சொட்டு என் தம்பிக்குத்தான். தீட்டுக் கழிந்து மாதமாகிறது. எழுதக் கை வரவில்லை."

அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவரைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை.

ராஜா மகளைப் பார்த்தார். "மருந்து இல்லையென்றால் இவள் பிழைப்பாளா, காளத்தி? எட்டில் இருப்பாளா, இரண்டில் இருப்பாளா?"

"தெரியாது மகாராஜா. ஓலை ஊருக்குச் சொல்லும். ஒருத்திக்குச் சொல்லாது."

ஒரு தகப்பனுக்கு இதைவிடக் கொடுமையான பதில் உண்டா? ராஜா எழுந்து போய்க் கிண்ணத்தைத் தாமே கவிழ்த்தார். அன்றிலிருந்து மகள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். காளத்தியின் தலை கழுத்தில் இருப்பதும் போவதும் அவள் கையில்தான் என்று அரண்மனை முழுக்கத் தெரியும். அவனும் தினம் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனான்.

இருபத்துமூன்றாம் நாள் அவள் எண்ணுவதை நிறுத்தினாள். ராஜா பதறி எழுந்தார்.

"ஏம்ப்பா இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? சாப்பிடறதில்லையா?" என்றாள்.

ராஜா சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார், விக்கல் வரும்வரை சிரித்தார். காளத்தியைக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார். கைக்குத் தங்கத் தோடா, பல்லக்கு, ஐந்து வேலி நிலம் எல்லாம் கொடுத்தார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"அந்த வெறும் ஓலைகளில் பேர் எழுத வேண்டும், மகாராஜா. வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பண்டிதரே எழுதட்டும். எழுதியதை நீங்கள் சபையில் வாசிக்க வேண்டும்."

"எல்லாவற்றையுமா? ஒரு வரியாக ஆக்கித் தரக்கூடாதா?"

"ஆக்க முடியாது."

பண்டிதர் ஊர் ஊராக நடந்து எழுதி முடிக்க ஐந்து மாதமானது. ராஜா வாசிக்க மூன்று நாள் ஆனது. தலைவலி என்று அவர் சொல்லவில்லை. இரண்டாம் நாள் பிற்பகலில் பண்டிதரின் தம்பி பேர் வந்தது. பண்டிதர் எழுந்து நின்றார். ராஜாவும் எழுந்து நின்று, அந்தப் பேரை இன்னொரு தரம் வாசித்தார்.