பெட்டிமேல் அடைகாத்த கோழி

சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இப்போதே கொட்டிப் போகட்டும். ஒரு பல் ஏற்கெனவே ஆடுகிறது. அது வயசுக் கோளாறு, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கரட்டுக்காட்டில் கொண்டையப்பன் என்று ஒரு காட்டுச்சேவல் இருந்தது. அதன் மனைவி புள்ளியம்மா. பழைய கறையான் புற்று ஒன்றின் பொந்தில் அவர்கள் கூடு. கூட்டில் ஐந்து முட்டைகள்.

சேவலுக்குக் காட்டில் ஒரே வேலை, விடிந்தால் கூவுவது. அதன் அப்பனும் பாட்டனும் கழுத்தை நீட்டிக் கூவினார்கள், சூரியன் வந்தது. கொண்டையப்பனுக்கு ஒரு போன் கிடைத்ததும் சந்தேகமும் கூடவே வந்துவிட்டது. இன்றைக்குச் சூரியன் எப்போது உதிக்கிறது என்று போனில் பார்க்காமல் அது வாயைத் திறப்பதில்லை. திறந்தாலும் சும்மா கூவாது. லைவ் போட்டுத்தான் கூவும். காடே அவரவர் போனில் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கும்.

அந்தக் காட்டில் வீட்டுக்கு வீடு நெட் இணைப்பு கொடுத்தது ஒரு நரி. பெயர் நயமொழியான். கழுத்தில் ஒரு ஒயர் சுருளை மாட்டிக்கொண்டு, எல்லாரையும் அண்ணே, அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டு வரும்.

போனில் இருந்த டேட்டா தீர்ந்ததும் சேவல் அதைக் கூப்பிட்டது. வந்ததும் வீட்டில் எத்தனை பேர் என்று நரி கேட்டது. இரண்டு பேர்தான் என்றது சேவல். நரி பொந்துக்குள் எட்டிப் பார்த்து நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டது.

"அஞ்சு பேரை விட்டுட்டீங்களே அண்ணே. ஓட்டை உடைச்சிட்டு வர்ற பிள்ளைங்க அம்மா எங்கேன்னா கேக்கப்போகுது? பாஸ்வேர்டு என்னன்னுதான் கேக்கும்."

கடைசியில் பத்து எம்பிபிஎஸ் ஸ்பீடில் ஆரம்பிப்பது என்று முடிவாயிற்று. பிளானுக்கு ஒரு முட்டை. பிளானைக் கூட்டினால் கூட்டும்போதெல்லாம் இன்னொரு முட்டை. புள்ளியம்மா இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டது. நாலு இருக்கிறதே என்று சேவல் சமாதானம் சொன்னது.

நரி வைஃபை பெட்டியை ஒரு வேர்மேல் வைத்து ஒயரை மாட்டியது. போனில் வட்டம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றியது. சூரியன் உதிக்கும் நேரம் பளிச்சென்று வந்தது. சேவல் ஆனந்தத்தில் கொண்டையை ஆட்டியது. பெட்டியை வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நரி முட்டையோடு நடையைக் கட்டியது.

இங்கேதான் வந்தது வினை. புள்ளியம்மா பெட்டியைத் தொட்டுப் பார்த்தது. கதகதவென்று இருந்தது. உள்ளே பச்சையாக ஏதோ கண் சிமிட்டியது. சூடும் இருக்கிறது, துடிப்பும் இருக்கிறது, இதை எப்படி வெளியே பனியில் போட்டு வைப்பது? அலகால் இழுத்துக் கூட்டுக்குள் கொண்டுபோய், முட்டைகளோடு முட்டையாக வைத்து, சிறகை விரித்து மேலே உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் விடியலில் சேவல் போனைக் கல்லில் சாய்த்து வைத்துக் கழுத்தை நீட்டியது. வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நீட்டிய கழுத்தை மடக்கவும் மனமில்லை, கூவவும் துணிவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. வௌவால்கள் வீட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன. ஆந்தைக்குக் கண் எரிந்தது.

சேவல் நரியைக் கூப்பிட்டது. நரி வந்தது. பொந்துக்குள் பார்த்தது. பெட்டிமேல் கோழி உட்கார்ந்திருப்பதையும் பார்த்தது. பார்த்துவிட்டு ரொம்பக் கவலையாக ஒரு பெருமூச்சு விட்டது.

"ஸ்பீட் பத்தலண்ணே. உங்க குரலுக்குப் பத்தெல்லாம் எந்த மூலைக்கு? அம்பது போட்டுருவோம்."

ஐம்பது போட்டார்கள். நரி பக்கவாட்டில் கையை விட்டு, கோழி அசையாமலேயே ஒரு முட்டையை உருவிக்கொண்டது. அடுத்த விடியலிலும் வட்டம் சுற்றியது. நூறு போட்டார்கள். இன்னொரு முட்டை போயிற்று. அப்புறம் முந்நூறு.

புள்ளியம்மா ஒருமுறை அழுதேவிட்டது. முட்டையெல்லாம் போய்விட்டால் இந்த ஸ்பீடை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டது. அதற்கும் நரியிடம் பதில் இருந்தது. வீட்டில் ஆள் குறையக் குறைய இருக்கிறவர்களுக்கு ஸ்பீட் கூடும், எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான் என்றது. சேவல் அதை யோசித்துப் பார்த்து, கணக்கு சரியாகத்தான் வருகிறது என்று தலையாட்டியது. கோழி மூளை என்று சும்மாவா சொன்னார்கள்?

மிஞ்சியது ஒரே முட்டை.

அன்று விடியலில் கல்லில் சாய்த்த போன் முன்னால் சேவல் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டி நின்றது. பின்னால் கூடு. போட்ட லைவ் போகாமல் போனில் வழக்கம்போல வட்டம். நரி வந்து, இனி ஆயிரம்தான் ஒரே வழி, காட்டு யானைக்கே அதைத்தான் கொடுத்திருக்கிறேன் என்றது. சேவல் கண்ணைத் திறக்காமலே சரி என்று தலையை அசைத்தது.

நரி கையை விட்டுத் துழாவியது. முட்டை அகப்படவில்லை. அது உருண்டு பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

"அண்ணி, கொஞ்சம் எழுந்திரிங்க."

"தம்பி, இது மட்டும் வேண்டாம். உள்ளேயிருந்து தட்டுதுப்பா. காலையிலேர்ந்து தட்டுது."

"தட்டாம என்ன செய்யும்? ஸ்பீட் பத்தலன்னு அதுவே சொல்லுது பாருங்க."

புள்ளியம்மா புருஷனைப் பார்த்தது. புருஷன் கண்ணைத் திறக்கவில்லை. புள்ளியம்மா மெல்ல எழுந்து, பொந்தை விட்டு வெளியே வந்து, பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கோழி எழுந்ததுதான் தாமதம். வட்டம் நின்றது.

அதை யாரும் கவனிக்கவில்லை. நரி முட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, கொஞ்சலாக அதனிடம் பேசியது.

"கண்ணு, ரெண்டு கோழிக்குப் பத்தே தாராளம். உங்கம்மா பெட்டிமேல உட்கார்ந்திருந்தா ஆயிரம் போட்டாலும் வட்டம்தான் சுத்தும். இதை நான் சொல்லிட்டா எனக்கு யார் சோறு போடுவா?"

ரெண்டு கோழிக்குப் பத்தே தாராளம் என்று புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. மரத்து மேலிருந்து ஒரு குரல். முயல் வளைக்குள்ளிருந்து ஒன்று. எல்லாம் நரியின் குரல். காட்டிலுள்ள அத்தனை போனிலும் கொண்டையப்பனின் லைவ் ஓடிக்கொண்டிருந்தது.

கிளையில் தொங்கிக்கொண்டிருந்த குரங்கு தன் போனைப் பார்த்தபடியே குரல் கொடுத்தது. "நரியாரே, கொஞ்சம் வலது பக்கம் திரும்புங்க. முட்டை மறையுது."

மரங்கள் ஒடியும் சத்தம் கேட்டது. யானை வந்துகொண்டிருந்தது. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அது ஆயிரம் வாங்கியிருந்தது. குளம் அதன் காலடியில் இருந்தது. அதற்காக ஒரு தோட்டத்துக் கரும்பை நரிக்குக் கொடுத்திருந்தது.

நரி முட்டையைப் போட்டுவிட்டு ஓடியது. ஓடிய வேகத்தில் அதன் வால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது.

முட்டை கூட்டு வைக்கோலில் விழுந்து பொரிந்தது. ஈரச் சிறகோடு ஒரு குஞ்சு வெளியே வந்தது. எதிரே பச்சையாகக் கண் சிமிட்டும் பெட்டியைப் பார்த்து, "அம்மா" என்றது.

"நான் இங்கே இருக்கேண்டா" என்று புள்ளியம்மா ஓடி வந்து அதைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. கொண்டையப்பன் கண்ணைத் திறந்தது. ஒற்றைக் குஞ்சைப் பார்த்தது. காலியான கூட்டைப் பார்த்தது. போனைப் பார்க்கவே இல்லை. தொண்டை கிழியக் கூவியது. மலைக்குப் பின்னால் கால் கடுத்து நின்ற சூரியன், அப்பாடா என்று மேலே வந்தது.

இப்போது பெட்டி மரக்கிளையில் இருக்கிறது. பிளான் பழைய பத்துதான். நரி போனபின் இணைப்பைக் குரங்குதான் ஒரு பிடி தானியத்துக்குக் கொடுக்கிறது. குஞ்சு மட்டும் தினம் ஒருமுறை கிளைக்குப் போய்ப் பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் இரை பொறுக்கும்.

நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதை விற்க வந்தவனிடமே கேட்டால், வீட்டில் முட்டை மிஞ்சாது.

இதைச் சொன்னது யார் என்று எவரிடமும் மூச்சு விடாதீர்கள். காட்டை விட்டு ஓடிய அந்த நரிதான் எங்கள் தெருவுக்கும் லைன் இழுத்திருக்கிறது, என் வீட்டில் இன்றைக்கும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது.