காக்கா தூக்கிட்டுப் போச்சு

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, காக்கைதான் ஊரிலேயே யோக்கியன் என்று பெயர் வாங்கியிருந்தது. பாறையில் காயப்போட்ட தினைக்குக் காக்கை காவல். ஒரு மணியைக் கொத்தாது. கோழி வந்தால் விரட்டும். அதை நம்பித்தான் ஊரார் கதவைக்கூடச் சாத்தாமல் காட்டுக்குப் போவார்கள். சிரிப்பு வருகிறதா? கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

கரட்டு மலை அடிவாரத்தில் இருபது குடிசை. மலைக்குப் பின்புறம் ஒரு குகை, அதில் ஒரு கழுதைப்புலி. இரவில் ஊரைச் சுற்றித் தீ எரியும், அதனால் அது வராது. பகலில்தான் பயம். வெயிலில் அதற்குக் கண் தெரியாதுதான். ஆனால் காது போதுமே. எங்காவது ஒரு பிள்ளை வீறிட்டால், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேராக வந்துவிடும். முந்தைய கோடையில் மாசாணியின் மகனை அப்படித்தான் கொண்டுபோனது. முற்றத்தில் ஒரு கொட்டாங்கச்சி மட்டும் கிடந்தது.

அதிலிருந்து ஊரில் ஒரு வழக்கம் வந்தது. எந்தப் பிள்ளையும் அழக்கூடாது. அழ வாயெடுத்தால் கேட்டதைக் கையில் கொடுத்துவிட வேண்டும். பானையைக் கேட்டால் பானை. அப்பனின் மீசையைக் கேட்டால் அப்பன் குனிய வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஊரின் பயம் எங்கே புரியப்போகிறது? வாயைத் திறந்தால் எல்லாம் கிடைக்கும் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. பிள்ளைகள் திறந்த வாயை மூடவே இல்லை. கொடுக்கவே முடியாத ஒன்றைக் கேட்டால் என்ன செய்வது என்று ஊரில் ஒருவரும் யோசித்து வைக்கவில்லை.

அந்த நாள் சடைச்சிக்கு வந்தது.

அவள் மகள் பொம்மிக்கு இரண்டரை வயது. அன்று விடியும் முன்பே பிள்ளை எழுந்துவிட்டாள். தினை குத்தும் அவசரத்தில் சடைச்சி கூழைக் கலயத்தில் ஊற்றி வைத்தாள், ஊட்டத்தான் மறந்துபோனாள். உச்சிப் பொழுது வந்தும் பிள்ளை கண்ணயரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் காட்டில் இருந்தார்கள். சடைச்சி உலக்கையைச் சாத்திவிட்டுத் திரும்பினால், பொம்மி வேலியோரம் உட்கார்ந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். உள்ளங்கை நிறையச் சிவப்பு. குன்றிமணி. கடித்து விழுங்கினால் பெரியவனுக்கே உயிர் போகும். இவள் ஒன்றை எடுத்து உதட்டருகே கொண்டுபோகிறாள்.

சடைச்சி பாய்ந்து பிடுங்கினாள். பிடுங்கிய மறுகணமே மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பொம்மி முதலில் கையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பிறகு மண்ணில் மல்லாந்து விழுந்து, முதுகை வில்லாக வளைத்து, மலை எதிரொலிக்க வீறிட்டாள்.

"வேணாம்டி கண்ணு, அழாத. அது கசக்கும். இந்தா, அகப்பையை வச்சுக்கோ. முறத்தை வச்சுக்கோ."

அகப்பை பறந்தது. முறமும் பறந்தது. "மணி! மணி!" என்று காலை உதைத்தாள் பொம்மி.

மலைப்பக்கம் கூழாங்கல் உருண்டது. சடைச்சி நிமிர்ந்தாள். சரிவின் நடுவே, பழுப்பும் கறுப்புமாக வரி போட்ட உடம்பு. பொம்மி வீறிட்டால் அது நடந்தது. மூச்சு வாங்க அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. அழுகையைக் கேட்டுக் கேட்டு அடியெடுத்து வைத்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். அழுகையும் கூடவே அல்லவா ஓடிவரும்? வாயைப் பொத்தலாம். பொத்தியவள் ஒருத்தி ஊரில் உண்டு. அவள் பிள்ளை நீலம் பாரித்து, மூச்சு சீராக ஒரு நாழிகை ஆனது. குன்றிமணியைக் கொடுத்துவிடலாம். சடைச்சி தன் மூடிய கையைப் பார்த்தாள். இந்தப் பக்கம் போனாலும் சாவு, அந்தப் பக்கம் போனாலும் சாவு என்றால் பெற்றவள் எங்கே போவாள்?

"வாயை மூடுடி, சனியனே!" என்று அலறினாள். பயத்தில் வந்த வார்த்தைதான். பொம்மி இன்னும் இரண்டு பங்கு சத்தமாக அழுதாள். கழுதைப்புலி ஐந்தாறு அடி முன்னால் வந்துவிட்டது.

தினைக் காவலில் இருந்த காக்கை குடிசைக் கூரைக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னது: "சடைச்சி, நீ கத்துற வரைக்கும் அவளும் கத்துவா. மொதல்ல நீ உட்காரு."

"அது வருது, காக்கா!"

"தெரியும். உட்காரு. அவ மணிக்காக அழல. பசியும் தூக்கமும் சேர்ந்து அழுவுது. ஆனா மணி உன் கையில இருக்குன்னு தெரியுற வரைக்கும் விடமாட்டா. நான் எடுத்துட்டேன்னு சொல்லு."

சடைச்சி கூரையை நிமிர்ந்து பார்த்தாள். "உன்னை நம்பித்தானே ஊரே தினையைக் காயப்போடுது. உன் பேரு கெட்டுடாதா?"

"பேரு போனா போகுது. பிள்ளை போனா வருமா?"

சடைச்சி உட்கார்ந்தாள். அவள் செய்ததிலேயே கடினமான காரியம் அதுதான். கழுதைப்புலிக்கு முதுகைக் காட்டி, பிள்ளையின் முகத்துக்கு நேராக, சும்மா உட்கார்வது. மணிகளைப் பிள்ளை பார்க்காமல் இடுப்பு மடிக்குள் முடிந்தாள். இரண்டு வெறுங்கையையும் விரித்துக் காட்டி, ஊர்க்கதை பேசுகிற குரலில் சொன்னாள்: "அடடா, பொம்மி. மணியைக் காக்கா தூக்கிட்டுப் போச்சே!"

அழுகை பாதியில் அறுந்தது. பொம்மி வெறுங்கையைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். காக்கை தத்தித் தத்தி ஓரத்துக்கு வந்து, தலையை ஒருபக்கம் சாய்த்துப் பொம்மியைப் பார்த்தது.

"காக்கா... தா," என்றாள் பொம்மி.

காக்கை காலியான அலகைத் திறந்து காட்டியது.

"கெட்ட காக்கா!" என்று விரலை ஆட்டினாள். ஒரு விம்மல் வந்தது. வேலிக்கு அப்பால் ஓர் அடிச்சத்தம். இன்னொரு விம்மல், இன்னோர் அடி. அதன் பிறகு பிள்ளை காக்கையையே பார்த்துக்கொண்டு மௌனமாகிவிட்டாள்.

அழுகிய இறைச்சி நாற்றம் சடைச்சியின் பின்கழுத்து வரை வந்தது. கழுதைப்புலி வேலியருகே நின்று காதைத் திருப்பித் திருப்பித் தேடியது. பிறகு தேன் சொட்டப் பேசியது.

"பொம்மீ, எங்கே இருக்கே? உனக்கு மணிதானே வேணும்? எங்கிட்ட நெறைய இருக்கு. ஒரு குரல் குடு."

பொம்மியின் கண் விரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

திறந்த வாயில் சடைச்சி பக்கத்துக் கலயத்திலிருந்து ஒரு கை கூழை அள்ளி வைத்தாள். காக்கையைக் காட்டினாள். காக்கை ஒரு தத்து தத்தியது. பிள்ளை விழுங்கினாள், பசித்த வயிறு அல்லவா, மறுபடி வாயைத் திறந்தாள். மறுபடி ஒரு கை கூழ், மறுபடி ஒரு தத்து. கழுதைப்புலி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சடைச்சியின் கண்ணீர் கலயத்தில் சொட்டியது. முகத்தில் மட்டும் சிரிப்பை விடாமல் பிடித்திருந்தாள். கலயம் காலியாகும்போது பொம்மி அவள் மடியில் சாய்ந்து தூங்கிப்போனாள். சத்தமே இல்லாத ஊரில் கழுதைப்புலி நெடுநேரம் நின்றது. பிறகு சரிவில் மெல்ல ஏறிப் போனது. அதற்குப் பிறகுதான் சடைச்சி திரும்பிப் பார்த்தாள்.

தூங்கி எழுந்த பொம்மி, காட்டிலிருந்து திரும்பியவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்: "காக்கா மணி தூக்கிச்சு." தாய்மார்கள் சடைச்சியிடம் விஷயத்தைக் கேட்டறிந்து, தங்கள் பிள்ளைகளுக்கும் அதையே சொன்னார்கள். கொடுக்கக்கூடாததைக் கேட்டால், காக்கா. ஊட்டும்போது முகத்தைத் திருப்பினால், அதோ காக்கா. கழுதைப்புலிக்கு அந்த ஊரில் பிடித்து நடக்க அழுகையே கிடைக்கவில்லை. வேறு மலை பார்த்துப் போய்விட்டது.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். காக்கை திருடன் என்று நம்பியே வளர்ந்தார்கள். அவர்கள் தலையெடுத்ததும் காக்கையைத் தினைக் காவலிலிருந்து நீக்கினார்கள். கல்லாலும் அடித்தார்கள், முதல் கல் பொம்மி கையிலிருந்துதான் போனது. சடைச்சி பதறி, "இன்னிக்கு உண்மையைச் சொல்லிடுறேன்," என்றாள்.

அடிபட்ட இறக்கையை அலகால் நீவிக்கொண்டே காக்கை சொன்னது: "சொல்லிட்டா, நாளைக்கு அழுவுற பிள்ளை எப்படி நம்பும்? விடு, சடைச்சி."

அன்று முதல் உண்மை தாயிடமிருந்து தாய்க்கு மட்டுமே போகிறது. அதனால்தான், பிள்ளைக்கு ஊட்ட உட்காரும் தாய் முதல் கவளத்தைக் காக்கைக்கு வைக்கிறாள். கையிலிருப்பதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு "காக்கா தூக்கிட்டுப் போச்சு" என்கிறாள். காக்கையும் தான் எடுக்காத அத்தனைக்கும் திருட்டுப் பட்டம் சுமந்துகொண்டு, விரட்ட விரட்டத் திரும்பி வந்து, உள்ளே பிள்ளை அழுகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறது.