முதலைப்பல் கோலம்

மூங்கில் காட்டின் நடுவே ஒரு குளம். குளத்தில் ஒரு கிழட்டு முதலை. கரையோர ஈச்சமரத்தில் தூக்கன் என்ற தூக்கணாங்குருவி குடியிருந்தது.

கோடையில் குளம் வற்றிச் சுருங்கும்போது முதலை கரை மாறிக்கொண்டே இருக்கும். அது எந்தக் கரையில் பதுங்கியிருக்கிறதோ, அந்தக் கரையின் கிளையில் தூக்கன் ஒரு நார்ப்பாயைக் கட்டித் தொங்கவிடும். பாயில் பல் பல்லாக இரண்டு வரிசை, நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அதே கோலம்தான். அதைக் கண்டால் எறும்புகூட அந்தப் பக்கம் போகாது.

அந்த வருடம் நீலவாணன் என்ற மயிலின் கண் அதன்மேல் விழுந்தது. காட்டுக்கே உடை அலங்காரம் செய்து கொடுக்கும் மயில் அது.

"ஆகா! என்ன எடுப்பான டிசைன்! இத்தனை நாளா சும்மா தொங்கிக்கிட்டு இருந்திருக்கே!"

பத்தே நாளில் காடு முழுக்க அந்தக் கோலம்தான். குரங்குக்குத் தலைப்பாகை, கரடிக்குச் சால்வை, மான்குட்டிக்குக் கழுத்துத் துண்டு. போதாததற்கு, வசந்த விழா வருகிறதென்று குளத்தின் நாலு கரையிலும் அதே கோலத்தில் தோரணம்!

தூக்கனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மயிலிடம் பறந்தது.

"யாரைக் கேட்டு இதை எடுத்தே? இது அழகுக்குப் போட்டது இல்ல! இங்க முதலை கிடக்குன்னு சொல்லப் போட்டது!"

மயில் சிரித்தது. "அந்த அர்த்தமெல்லாம் இந்தக் காலத்துல யாருக்கப்பா வேணும்? மூலையில கிடந்த உங்க கோலத்தை ஊரே உடுத்துது. உன் பாட்டனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்திருக்கேன். நன்றி சொல்லாம சண்டைக்கு வர்றியே!"

"பேரா? நாலு கரையிலயும் இதைத் தொங்கவிட்டா முதலை எந்தக் கரையில இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"பாவம், பொறாமை!" என்று பக்கத்தில் நின்ற குரங்கு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டது. கரடியும் ஆமாம் போட்டது.

பொறாமையாம்! தூக்கன் ஆத்திரத்தோடு போய்த் தோரணங்களைக் கொத்திக் கொத்தி அவிழ்த்தது. அது ஒன்றை அவிழ்ப்பதற்குள் குரங்கு இரண்டைக் கட்டியது.

விழா நாளும் வந்தது. ஆடிப்பாடிக் களைத்த மான்குட்டிக்குத் தாகம். மேற்குக் கரையில் இறங்கியது. அங்கேதான் தூக்கன் கட்டிய உண்மையான பாய் தொங்கியது.

"இறங்காதே! முதலை இருக்கு! பாயைப் பார்க்கலையா?" என்று கத்தியபடி தூக்கன் பாய்ந்து வந்தது.

"போ மாமா! அது விழாத் தோரணம். நானும் அதைத்தானே கட்டியிருக்கேன்!" என்று குட்டி தண்ணீரில் வாய் வைத்தது.

தூக்கன் குட்டியின் மூக்கில் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தியது. வலி தாங்காமல் குட்டி பின்னால் துள்ளியது. அந்த நொடியில் தண்ணீர் கிழிந்து முதலை எழுந்தது. அதன் வாயில் அகப்பட்டது கழுத்துத் துண்டு மட்டும்தான். முடிச்சு அவிழ்ந்து குட்டி கரையில் உருண்டது.

தாய்மான் அலறிக்கொண்டு ஓடி வந்தது. காடே கூடிவிட்டது. மயில் முன்னால் வந்து நின்றது.

"பார்த்தீங்களா! குட்டியைக் காப்பாத்தினது என் துணிதான்!"

"வாயை மூடு!" என்றது தூக்கன். "இந்தக் கோலம் எப்படி வந்தது தெரியுமா? என் பூட்டனோட கண் முன்னால மூணு மான்குட்டி செத்த அன்னைக்கு முதமுதலா நெய்தது. அந்தச் சிவப்புப் பொட்டு ரத்தம்! அதையா கழுத்துல கட்டி ஆடவிட்டே? விழாவுக்குன்னே எங்ககிட்ட ஒரு மழைக் கோலம் இருக்கு. கேட்டிருந்தா நானே நெய்து கொடுத்திருப்பேன். ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

குரங்கு தலைப்பாகையைக் கழற்றியது. கரடி சால்வையை உதறிப் போட்டது. தாய்மான் பல்லால் தோரணத்தைப் பிய்த்து எறியத் தொடங்கியது.

மயிலின் தோகை தானாகவே மடங்கியது. "அந்த மழைக் கோலம்... எப்படி இருக்கும்?" என்று மெல்லக் கேட்டது.

"இப்பவாவது கேட்டியே! போய் மிச்சத் தோரணத்தையெல்லாம் உன் அலகாலேயே அவிழ். கடைசி முடிச்சு அவிழ்ந்த பிறகு வா, சொல்றேன்."

முன்னோர் விட்டுச்சென்ற கோலத்தை அதன் பொருளைக் கேட்டறியாமல் எடுத்து உடுத்துவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல, திருட்டு.